தாய் அறை, நோய் அறை

டிசம்பர் 9, திங்கள்

உரக்கடைக்காரர் டைரி கொடுத்தார். வருஷம் முடிகிற நேரத்தில் இந்த வருஷத்து டைரியைத் தலையில் கட்டிவிட்டு, "உங்களுக்காகவே எடுத்து வெச்சிருந்தனுங்க" என்கிறார். வாய் கூசவில்லை மனுஷனுக்கு. ஓசியில் வந்தது, இருக்கட்டும். வேலையிடத்துப் பதிவேட்டில் எண்கள் மட்டும்தான் எழுதலாம். வெப்பம் இவ்வளவு, முட்டை இவ்வளவு, செத்தது இவ்வளவு. எழுதுகிற துளசிமணிக்கு இடுப்பு வலிக்கிறது என்று எழுத அதில் கட்டம் கிடையாது. அதற்கு இது.

எங்கள் உழவர் குழு நடத்தும் கூடத்தை ஊரில் 'புழுவூடு' என்பார்கள். கொண்டைக்கடலைக் காயைத் துளைக்கிற பச்சைப் புழுவுக்கு ஒரு வைரஸ் நோய் உண்டு. மனுஷனை, மாட்டை, தேனீயை ஒன்றும் செய்யாது. அந்தப் புழுவை மட்டும் கொல்லும். அதைக் காட்டில் தெளித்தால் பூச்சிமருந்து வேண்டாம். ஆனால் வைரஸைப் பெருக்க உயிருள்ள புழு வேண்டும். ஆகவே புழுவைக் கொல்லப் புழு வளர்க்கிறோம். என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிச் சொல்லி எட்டு வருஷமாகிறது, இன்னும் சிரிக்கிறார்.

தாய் அறையில் நல்ல புழு வளரும். நோய் அறையில் அவற்றில் ஒரு பகுதிக்கு வைரஸ் தடவிய தீனி கொடுத்துச் சாகடித்து, அரைத்து, வடிகட்டி எடுப்போம். காலையில் தாய் அறை, மதியத்துக்கு மேல் நோய் அறை. நோய் அறைக்குள் போனவள் தலைக்குக் குளித்து, சேலை மாற்றி, வளையல் தோடு எல்லாவற்றையும் கழற்றி வைக்காமல் தாய் அறை வாசலை மிதிக்கக் கூடாது. இது நான் போட்ட சட்டம். எட்டு வருஷத்தில் தாய் அறையில் ஒரு புழு நோயில் செத்ததில்லை. கூடத்துக்குப் பொறுப்பான சம்பத் சார், வருகிறவர்களிடம் எல்லாம் இதைத்தான் சொல்லுவார்.

போன வாரம் உடுமலையில் கண்ணாடி வாங்கினேன். ஐம்பத்து மூன்று வயதில் முதல் கண்ணாடி. மூக்கில் நிற்கமாட்டேன் என்கிறது. ஒரு புட்டி திறந்து மூடுவதற்குள் இரண்டு தரம் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. ஆனாலும் புழுவின் முகம் தெரிகிறது, அதுவரைக்கும் சந்தோஷம்.

டிசம்பர் 11, புதன்

மகுடேஸ்வரியோடு சண்டை. என்னோடு இரண்டு வருஷமாக வேலை செய்கிறவள். புருஷன் திருப்பூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். ஒன்பது வயதுப் பெண் தன்ஷிகாவை இவள் ஒருத்தியே வளர்க்கிறாள். இன்று கையுறை மாட்டும்போது பார்க்கிறேன், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"இதென்ன புள்ள கையில?"

"பழனிக்கு வேண்டிக்கிட்டதுங்க அக்கா. தைப்பூசத்துக்கு நடந்து போயி அங்கதான் கழட்டோணும். பாப்பாவுக்கு வலிப்பு வரக்கூடாதுன்னு."

"நீ வேண்டிக்கிட்டது சாமிக்குத் தெரியும். வைரஸுக்குத் தெரியுமா? நூலுக்குள்ள போயி உக்காந்துக்கும்."

"சோப்புப் போட்டுத் தேச்சுத்தானுங்க குளிக்கறேன். மேல கையுறை போட்டுக்கறேன். கட்டி ரெண்டு மாசமாச்சுங்க, பாப்பாவுக்கு ஒருக்கா கூட வரலீங்க."

இரண்டு மாதமாக என் கண்ணில் படாமல் வைத்திருக்கிறாள். கோபம் கோபமாக வந்தது. ஆனால் அந்தப் பெண் குழந்தைக்கு வலிப்பு வந்ததை நான் ஒரு தரம் நேரில் பார்த்திருக்கிறேன். கையுறையைக் கழற்றினால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லி விட்டுவிட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

1,140 புட்டி. இடுப்பு இல்லை எனக்கு.

டிசம்பர் 17, செவ்வாய்

துரைசாமி அண்ணன் வந்தார். அவரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து நாற்பது ஏக்கர் கொண்டைக்கடலைக்கு எங்களை நம்பியிருக்கிறார்கள். ஏக்கருக்கு நூறு புழுவின் சாறு, அப்படியென்றால் நாலாயிரம் புழு.

"பூவெடுத்திருச்சு துளசி. பொங்கலுக்கு முன்னால அடிச்சாகோணும். போன வருசம் மூணு தடவ மருந்தடிச்சேன். புழு குளிச்சுப்போட்டு எந்திரிச்சுப் போகுது. எனக்குத்தான் தலை சுத்தி வரப்புலயே படுத்துக்கிட்டேன்."

"குடுத்தர்றோமுங்க அண்ணா. பொழுதோட அடிக்கோணும், வெயில் பட்டா வைரஸ் செத்துப்போகும். வெல்லமும், துணிக்குப் போடற நீலமும் கலந்துக்கோங்க."

"வெல்லமா! புழுவுக்கு மாப்பிள்ளை விருந்து வெக்கறயா நீ?"

"விருந்துதானுங்க. ஆனா தின்னதும் சாகாது. நாலஞ்சு நாள் தின்னுட்டுத்தான் கிடக்கும். நடுவுல பொறுமையில்லாம மருந்துக்கடைக்கு ஓடிராதீங்க."

சிரித்துக்கொண்டே போனார். மதியத்துக்கு மேல் நோய் அறையில் நானூறு புழு அரைத்தோம். அந்த நாற்றத்துக்கு எட்டு வருஷமாகியும் மூக்கு பழகவில்லை. வேர்வையில் கண்ணாடி வழுக்குகிறது, கையெல்லாம் சாறு, மணிக்கட்டால் தள்ளித் தள்ளியே வேலை ஆனது.

டிசம்பர் 19, வியாழன்

தாய் அறையில் பதினொரு புழு செத்துக் கிடந்தது. தீனிக்குப் போட்ட கடலைமாவு சரியில்லை என்று நினைக்கிறேன். புது மூட்டை. பிரித்தபோதே ஒரு வாடை வந்தது.

டிசம்பர் 21, சனி

மாவு இல்லை. இருநூற்று அறுபது.

புட்டியின் மூடிக்கடியில் பின்கால்களால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகின்றன. தொட்டால் தோல் கிழிந்து சாறாக ஒழுகுகிறது. நோய் அறையில் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவேன், நல்ல மகசூல் என்பேன். தாய் அறையில் பார்த்ததும் சாரைக் கூப்பிட ஓடினேன்.

சம்பத் சார் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "யார் மூலமா உள்ள வந்துச்சு?" என்றார். கயிறு பற்றிப் பேச்சு வந்தது. மகுடேஸ்வரியைக் கையுறையைக் கழற்றச் சொன்னார். கயிறு கறுத்துப் போயிருந்தது.

"ரெண்டு மாசமா கட்டியிருக்கறனுங்க சார். அப்பவெல்லாம் சாகலையே, இப்ப மட்டும் எப்பிடிங்க?" என்று கேட்டாள்.

சார் என்னைப் பார்த்தார். நான், வைரஸ் சேர்ந்து சேர்ந்துதான் ஏறும் என்றேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றும் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

கயிறு பற்றிப் பேச்சு வந்தது என்று நேற்று எழுதியிருக்கிறேன். தானாக வரவில்லை. நான்தான் எடுத்தேன். உள்ளதைத்தானே சொன்னேன், அதை எதற்கு மூடி எழுதவேண்டும்.

டிசம்பர் 23, திங்கள்

மூவாயிரத்துச் சொச்சம் புழுவையும் கொதிநீரில் கொட்டினோம். தட்டு, புட்டி, சல்லடை எல்லாம் வேகவைத்தோம். சுவரைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவினேன். இருவர் வேலையை ஒருத்தி செய்கிறேன். கண்ணெரிச்சலில் அழுகிற மாதிரி தண்ணீர் வந்தது. சார் "அக்கா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். நாளைக்கு மட்டும் யார் வரப்போகிறார்கள்?

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதினேன்: பணியாளர் கையில் கட்டிய கயிறு.

டிசம்பர் 24, செவ்வாய்

பாத்ரூம் சுவரில் மகுடேஸ்வரியின் பொட்டு ஒட்டியிருக்கிறது. சுரண்ட நினைத்தேன். கை வரவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

கோயமுத்தூரிலிருந்து சார் புது முட்டை கொண்டுவந்தார். துணி நிறைய, கடுகை விடச் சின்னதாக. ஒரு துண்டுத் துணியைத் தனியாகக் கிழித்துத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார். "எதுக்கும் இருக்கட்டும்க்கா. இத நான் மட்டும் தொடறேன்" என்றார். என்னை நம்பவில்லையா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

துரைசாமி அண்ணனுக்குப் போன் செய்து பத்து நாள் தள்ளும் என்றேன். "செரி" என்று போனை வைத்துவிட்டார். திட்டாமல் வைத்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 31, செவ்வாய்

குஞ்சுப் புழுக்களைத் தனித்தனிப் புட்டியில் பிரித்தேன். ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும், அப்பேர்ப்பட்ட ஜாதி. 1,600 புட்டி. எல்லாம் துறுதுறு என்று இருக்கின்றன. கயிறு போனதும் பீடை போனது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டிவியை விட்டுத் திரும்பவில்லை.

டைரி தீர்ந்தது. இனி முன்னால் காலியாகக் கிடக்கிற ஜனவரிப் பக்கங்களில் கிழமையை அடித்துவிட்டு எழுதவேண்டியதுதான்.

ஜனவரி 4, சனி

தாய் அறையில் ஆறு புழு தலைகீழாகத் தொங்குகின்றன.

மாவு புதுசு. புட்டி வேகவைத்தது. மகுடேஸ்வரி இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சார் அறையில் இருக்கும் புழுக்கள் மட்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கின்றன. பல்லியாக இருக்குமோ என்றேன். எறும்பு என்றேன். சார் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க்கா, நீங்க ஒருத்தர்தான உள்ள போறீங்க" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

குளித்தேன். தலைக்கு இரண்டு தரம் சீயக்காய். சேலை மாற்றினேன். வளையல் இல்லை, தோடு இல்லை, தாலியைக்கூடக் கொதிநீரில் நனைத்துத்தான் போட்டுக்கொள்வேன். எல்லாம் முடித்துச் சுவர் மாடத்தில் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்து

நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 5, ஞாயிறு

கண்ணாடியாக இருக்காது. அது வெறும் கண்ணாடி. இருந்தாலும் பார்த்துவிடலாம்.

சாரிடம் சொல்லி, அவர் அறையில் வளர்ந்த நாற்பது புழுக்களை வாங்கினேன். எதற்கு என்று கேட்டார், பிறகு சொல்கிறேன் என்றேன். புழுவூட்டில் எதையும் நம்பமுடியாது, அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கொதிக்கவைத்து ஆறிய நீர் இரண்டு கிண்ணம். ஒன்றில் கண்ணாடியைப் போட்டு, கம்பி மடங்குகிற இடம், மூக்கில் உட்காருகிற இடம் எல்லாம் பஞ்சால் கழுவினேன். நீர் சுத்தமாகத்தான் தெரிந்தது. முதலில் வெறும் நீரை இருபது புட்டித் தீனியில் விட்டேன். பிறகு கண்ணாடி கழுவிய நீரை மற்ற இருபதில். முதல் கூட்டத்தைச் சமையலறை மேடையின் வலதுமூலையிலும், இரண்டாவதை இடதுமூலையிலும் வைத்தேன்.

வீட்டுக்காரர், "சோத்துப் பானைக்குப் பக்கத்துல புழுவா? உன்ற புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஜனவரி 7, செவ்வாய்

நாற்பதும் தின்கின்றன. இரண்டு மூலையிலும் ஒரே மாதிரி. அப்பாடா! மனசு லேசாகிவிட்டது. ரொம்ப நாள் கழித்து வாய்க்கு ருசியாகக் குழம்பு வைத்தேன்.

ஜனவரி 8, புதன்

இடதுமூலையில் மூன்று தின்னவில்லை. குளிராக இருக்கலாம்.

ஜனவரி 9, வியாழன்

குளிர் இரண்டு மூலைக்கும் ஒன்றுதான்.

ஜனவரி 10, வெள்ளி

வெறும் நீர் விட்ட இருபதில் ஒன்றும் சாகவில்லை. கண்ணாடி கழுவிய நீர் விட்ட இருபதில் பதினெட்டு தலைகீழாகத் தொங்குகின்றன.

எட்டு வருஷம் வளையலைக் கழற்றினேன், கொண்டையை அவிழ்த்தேன். ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னேன். சாறு ஒட்டிய கையாலும் மணிக்கட்டாலும் தள்ளித் தள்ளி, அதை அப்படியே மூக்கின்மேல் வைத்துக்கொண்டு தாய் அறைக்குள் நான்தான் போயிருக்கிறேன். குனிந்து குனிந்து ஒவ்வொரு புட்டிக்குள்ளும் பார்த்து, கண்ணாடியைத் தள்ளிவிட்டு, அதே கையால் தீனி வைத்திருக்கிறேன். அந்தப் பெண் கேட்டாள், இரண்டு மாதமாகச் சாகாதது இப்போது எப்படி என்று. கண்ணாடி வாங்கி அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லையா? தோன்றாமல் இருக்கும்படி நான் பார்த்துக்கொண்டேனா? தெரியவில்லை. படுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 11, சனி

நாற்பது புட்டியையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு மகுடேஸ்வரி வீட்டுக்குப் போனேன். தக்காளி பறிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தன்ஷிகா வாசலில் தலை பின்னாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"வாங்க அக்கா" என்றாள். அந்த வார்த்தையே எனக்குப் பொறுக்கவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். "மகுடேசு, அது நான். உன்ற கயிறு இல்ல. என்ற கண்ணாடி."

பையிலிருந்து புட்டிகளை எடுத்து வைத்தேன். அவள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எத்தனைங்க?"

"இருபதுல பதினெட்டு."

"இந்தப் பக்கம்?"

"ஒண்ணுமில்ல."

தலையாட்டினாள். வேலை தெரிந்தவள், சொல்லாமலே புரிந்துகொண்டாள். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். வெறும் மணிக்கட்டு.

"கயிறு எங்க புள்ள?"

"அன்னைக்கே அறுத்துப்போட்டனுங்க. நீங்க சொன்னா சரியாத்தான இருக்கும். உங்க கை அப்பேர்ப்பட்ட சுத்தம். சார் முன்னால வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டு வந்தேன். வூட்டுக்கு வந்து நெனச்சுப் பாத்தா, நாந்தான் அத்தனை உசுரையும் கொன்னுபோட்டேன்னு தோணுச்சு. அருவாமணைல வெச்சு அறுத்தேன்."

"பாப்பாவுக்கு..."

"இது வரைக்கும் வரலீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா நான் தூங்கறதில்ல. அவ கால் அசைஞ்சாலே எந்திரிச்சு உக்காந்துக்கறேன்."

மன்னித்துவிடு என்றேன். எனக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான், இரண்டு தரம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. காபி வைக்கட்டுமா என்று கேட்டாள்.

ஜனவரி 13, திங்கள், போகி

சாரிடம் எல்லாம் சொன்னேன். பதிவேட்டை எடுத்து, பழைய வரியை அடித்துவிட்டு, காரணம்: துளசிமணியின் மூக்குக் கண்ணாடி என்று எழுதினேன்.

"கண்ணாடின்னு மட்டும் போட்டாப் போதுங்க்கா. பேர் எதுக்கு?" என்றார் சார்.

"பணியாளர் கயிறுன்னு எழுதினப்ப நாமெல்லாம் யாருன்னு தெரிஞ்சுதான சார் எழுதினோம்?" என்றேன். மகுடேஸ்வரிக்கு அவரே போன் செய்தார்.

என்னையும் போகச் சொல்லுவார் என்று நினைத்திருந்தேன். சொல்லவில்லை. தண்டனையாவது கிடைத்திருக்கலாம்.

துரைசாமி அண்ணன் காட்டு வழியாக வீட்டுக்கு வந்தேன். மருந்து நெடி ரோடு வரைக்கும் அடித்தது. அவர் மோட்டார் ரூம் நிழலில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினார். நான் நிற்காமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

பழையதையெல்லாம் கொதிநீரில் கொட்டிவிட்டு, மறுபடி புது முட்டை. நாற்பது ஏக்கருக்கு இனி உபயோகமில்லை, சித்திரைத் தக்காளியைத் துளைப்பதும் இதே புழுதான், அதற்கு ஆகும்.

மகுடேஸ்வரி வந்துவிட்டாள். ஒரு நிபந்தனை போட்டாளாம் சாரிடம்: தாய் அறை வாசலில் யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்று அவள்தான் சொல்லுவாள். சார் சரியென்றுவிட்டார். நானும்தான்.

குளித்துவிட்டு வந்தேன். வாசலில் பிளீச்சிங் தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றாள்.

"வளையல்?"

"இல்ல."

"தோடு?"

"இல்ல."

"தைப்பூசத்துக்கு நடக்கறயா புள்ள?" என்று கேட்டேன். இத்தனை நாள் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வி.

"நடக்கறனுங்க அக்கா. அங்க போயி எதைக் கழட்டறதுன்னுதான் தெரியல" என்றாள். பிறகு கையை நீட்டி, "கண்ணாடி?" என்றாள்.

தாய் அறைக்கென்று வேறு கண்ணாடி சொல்லியிருக்கிறேன், புதன்கிழமைதான் வரும். இருப்பதைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். உள்ளே அடுக்கியிருந்த புட்டியெல்லாம் மங்கிப்போயின. அவள் மணிக்கட்டில் கயிறு கிடந்த இடம் வெளுத்திருந்தது. அது மட்டும் கண்ணாடி இல்லாமலே எனக்கு நன்றாகத் தெரிந்தது.